நாகத்தின் முதுகில் இருசம்மாள்

"அதேதான்மா, அதேதான்!"

இருசம்மாள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற முத்தாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கண்ணாடி அலமாரியின் மூன்றாவது தட்டில் பச்சை அட்டைப் புத்தகம். கீழ்மூலையை எலி கடித்திருந்தது. அந்த எலிக்கடி கூட இருசம்மாளுக்கு மறக்கவில்லை. தெரியாமல் போனது புத்தகத்தின் பெயர் ஒன்றுதான். அதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

இறக்கை முளைத்த நாகம். வாயிலிருந்து நெருப்பு. அதன் முதுகில் ஒரு சின்னப்பெண். அவள் பெயர் இருசம்மாள்.

ஆமாம், புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் வீட்டில் அவள் வேலைக்கு நின்ற காலம். கிராணியார் மகள் சற்குணம் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசிப்பாள். இவள் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்பாள். தன் காதால் கேட்டதை எவன் வந்து இல்லை என்பான்?

படத்தில் இருந்த பெண் என்னவோ மஞ்சள் முடியும் வெள்ளைத் தோலுமாகத்தான் இருந்தாள். அதனால் என்ன? அச்சடித்தால் எல்லாரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காலண்டர் முருகனே ரோஸ் நிறத்தில்தானே இருக்கிறான்.

அந்த வருஷம்தான் இவளைப் பெற்றவளைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. புத்தகத்து இருசம்மாளும் தாயைத் தொலைத்தவள். நாகம் அவளை முதுகில் ஏற்றித் தாயிடம் சேர்ப்பதற்காகக் கடல்மேல் பறந்தது. பாதிக் கடலில் போய்க்கொண்டிருக்கும்போது சற்குணம் மலாக்கா டவுனுக்குப் படிக்கப் போய்விட்டாள். புத்தகமும் அவளோடு போய்விட்டது.

அன்றைக்குத் தேட ஆரம்பித்தவள்தான், பாவி மனுஷி. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சிவசாமியைக் கேட்டாள். அப்படி ஒரு புத்தகமே கிடையாது, போ போ என்று விரட்டினார். டவுனில் புத்தகக் கடை ஏறி, சீனர் கோயில் கூரையில் நெளிகிற பாம்பைக் கையால் வளைத்து வளைத்துக் காட்டினாள். கடைக்காரன் ரொம்ப யோசித்து, விஷக்கடி வைத்தியம் என்று ஒன்றை எடுத்து நீட்டினான்.

கூலிக்காரர் லயத்தில் கேட்க வேண்டுமா கிண்டலுக்கு! "நம்ம பேரெல்லாம் இருக்கிற புஸ்தகம் ஒண்ணே ஒண்ணுதாண்டி. காலையில பெரட்டுல நிக்க வெச்சுப் பேர் கூப்பிடுறானே, அந்தச் செக்ரோலு" என்பாள் கூடப் பால்வெட்டும் முத்தாயி.

போன வாரம் அந்தச் செக்ரோலிலிருந்தும் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்துவிட்டதாம், ஆள் வேண்டாமாம். வெள்ளிக்கிழமை இந்தியாவுக்குக் கப்பல். ஊரில் இருசம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு நாதி இல்லை.

கப்பல் ஏறுவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் பெயர் அச்சில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சற்குணம் கல்யாணமாகி டவுனில்தான் இருக்கிறாள் என்று விசாரித்து, முத்தாயியும் வந்து கண்ணால் பார்த்துத் தொலையட்டும் என்று அவளையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்னார் என்று வாசலில் பெயர் சொல்லித்தான் உள்ளே நுழைந்தாள்.

சற்குணம் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள்.

"எந்தப் பக்கத்துலம்மா என் பேரு? விரல வெச்சுக் காட்டுங்க, போதும்."

சற்குணம் நாலு பக்கம் புரட்டினாள். பிறகு சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று கூடச் சொல்ல முடியாது. மறந்துபோன வேடிக்கை ஒன்று திடீரென்று ஞாபகம் வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"அட விசரி! இது இங்கிலீஷ்காரன்ர கதை. இதில உன்ர பேர் எப்பிடி வரும்? கதை அலுத்தா நீ நித்திரையாப் போவாய், என்ர கால் அமத்துறதும் நிண்டுபோகும். அதுக்குத்தான் உன்ர பேரைப் போட்டுத் தமிழில வாசிச்சனான்."

விரித்த பக்கத்தை இருசம்மாள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அடுத்த பக்கத்தையும் பார்த்தாள். எதிலும் அவள் இல்லை.

பத்து வருஷமாய்க் கிண்டல் பண்ணிய முத்தாயிக்கு இப்போதல்லவா சிரிப்பு வர வேண்டும்? வரவில்லை. "வாடி, பஸ்ஸு போயிரும்" என்று இருசம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

இருசம்மாள் அசையவில்லை.

"அந்தப் புள்ள கடலைத் தாண்டி இறங்குனாளாம்மா? ஆத்தாளைப் பாத்தாளா?"

சற்குணம் புத்தகத்தை மூடினாள். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் முக்காலியின் மேல் நீட்டினாள்.

"இரு, முதல்ல இருந்து சொல்லுறன்."

நீட்டிய காலை இருசம்மாள் பார்த்தாள். பெருவிரலுக்குப் பக்கத்தில் அதே மச்சம்.

கீழே உட்கார்ந்தாள். முத்தாயி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருசம்மாளின் கை தானாகக் குதிகாலிலிருந்து அமுக்க ஆரம்பித்தது.

"ஒரு ஊரில ஒரு பெட்டை இருந்தாளாம்" என்ற சற்குணம், மூடிய கண்ணைத் திறக்காமலே நிறுத்தினாள். "உன்ர பேர் என்னெண்டு சொன்னனீ?"

இருசம்மாள் சொன்னாள்.