நூற்றுப் பதினேழாம் பெட்டி

வங்கி அதிகாரி முதலில் தன் சாவியைத் திருப்புகிறார். பிறகு மனைவி தன் சாவியைத் திருப்புகிறாள். நூற்றுப் பதினேழாம் எண் லாக்கர் திறந்துகொள்ள, "முடிச்சுட்டுக் கூப்பிடுங்கம்மா" என்று அதிகாரி வெளியே போகிறார். ஜன்னல் இல்லாத அறை. டியூப்லைட்டின் வெளிச்சம் எஃகுக் கதவுகளில் வழிகிறது. சாயங்காலம் அவளுடைய தம்பி மகளுக்குக் கல்யாண வரவேற்பு. அதற்கு ஆரம் எடுக்க வந்திருக்கிறார்கள். கணவர் நீளப் பெட்டியை உருவி ஸ்டூலில் வைக்கிறார். அவள் மூடியைத் தூக்குகிறாள். சிவப்பு வெல்வெட் டப்பாக்களின் மேல், கால்களை மடக்கிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருக்கிறது, பச்சைச் சட்டம் போட்ட அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி. "என் தம்பிதான் மேல உட்கார்ந்து உடைச்சு, பயந்துபோய் ஒளிச்சுட்டான்னு ஆறு மாசமா ஊரெல்லாம் சொன்னீங்களே!" அவர் பக்கத்து லாக்கர்களின் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். "போன தடவை இங்க பத்திரத்தைப் படிச்சுட்டுக் கழட்டி வெச்சேன் போல." அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், சிரிப்போ விரலிடுக்கில் பீறிட்டு, எஃகில் மோதி, அறை முழுக்க உருள்கிறது. வெளியே அதிகாரி இருமுகிறார். "உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் கையில் எடுத்த ஆரத்தை மறுபடி டப்பாவிலேயே வைத்து மூடுகிறாள். அவருடைய புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறாள். பழையதைக் கைக்குட்டையால் துடைத்து, அவர் மூக்கில் மாட்டி, தலையைச் சாய்த்து அழகு பார்க்கிறாள். "நான் ஏன் சொல்றேன்? இதையே போட்டுக்கிட்டு வந்து அவன் பக்கத்துல நில்லுங்க. எனக்கு இன்னிக்கு அந்த ஒரு நகை போதும்."