ஒரு சொட்டு உள்ளே வரவில்லை

"அண்ணே, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரலைண்ணே!"

வாசற்படியில் நின்றவள் இப்படிச் சொன்னதும் காத்துக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுச் சுவர்களில் காற்று வர வென்டிலேட்டர் பொருத்துவது அவர் தொழில். அதனால் தெரு வைத்த பெயர் அது.

போன புயலில் மழை படுத்தவாக்கில் வந்து, வென்டிலேட்டர் வழியாகப் புகுந்து வீடு வீடாக நனைத்துவிட்டது. இந்த முறை ரப்பர் ஓரம் வைத்த தகட்டு மூடிகளை அவரே செய்து மாட்டினார். இதுவும் சொதப்பினால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புயல் ஓய்ந்த காலையில் பார்க்கக் கிளம்பியவர், போன இடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு வீட்டில் மூடியே பறந்திருந்தது. இன்னொரு வீட்டில் படுக்கையெல்லாம் ஈரம். "மூடி மாட்டினீங்களா, ஷவர் மாட்டினீங்களா?" என்று கேட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் தெருக்கோடியில் இருந்த இந்த வீட்டுக்கு வந்தார்.

"நெசமாவா தங்கச்சி? ஒரு மூடிகூட ஆடலையா?"

"அசையலைண்ணே. நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் அடைச்சோம். கதவுச் சந்துலகூடத் துணி திணிச்சோம். வெளிய பேய்க்காத்து, உள்ள ஒரு காகிதம் ஆடலை."

"பிள்ளைங்க பயந்திருப்பாங்களே?"

"எங்க பயந்துச்சுங்க? படுத்ததும் தூங்கினதுதான். அவரும் அப்படித்தான். இன்னும் எழுந்திரிக்கலை."

நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல அவள் கன்னமும் சிவந்திருந்தது. காத்துக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஒரு வீட்டைக் காட்டியே ஊர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் வெயில் ஏறிய பிறகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சத்தம் இல்லாதது ஏனோ அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு உதவிண்ணே. மூடியெல்லாம் கொஞ்சம் திறந்து விடுங்க. என்னால முடியலை."

"புழுங்குதா? இரு, ஏணி கொண்டு வர்றேன். கரன்ட் வேற இல்லையே, ஃபேன் இல்லாம எப்படித் தூங்கினீங்க?"

"ஜெனரேட்டர் இருக்கே. மழையில நனையுமேன்னு அவரு அதைச் சமையலறையில வச்சு ஓட்டினாரு."

காத்துக்காரரின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"வீட்டுக்குள்ளயா? ஐயோ, அதோட புகை விஷமாச்சேம்மா! எல்லா வழியையும் அடைச்சிருக்கோமே, அது எப்படி வெளிய போகும்?"

அவளைத் தாண்டி ஓடிக் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ் போட்டிருந்தது. "சீக்கிரம் திறம்மா!" என்று திரும்பினார். படியில் யாரும் இல்லை.

ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தி உள்ளே பார்த்தார். கூடத்தில் எல்லோரும் வரிசையாக அசையாமல் கிடந்தார்கள்: கணவன், இரண்டு பிள்ளைகள், சின்னதின் மேல் கை போட்டபடி, இவ்வளவு நேரமும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தவள்.