மூன்றாவது அறிவிப்பு

தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது, பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போன மகளைக் காணவில்லை.

வேறு அப்பாவாக இருந்தால் பேருந்து நிலையம் முழுக்க ஓடித் தேடியிருப்பார். இவர் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். நேரே தன் அறைக்குள் ஓடி மைக்கைப் போட்டார்.

அவர் குரலைக் கேட்டு, புறப்பட்டுப் போன பேருந்துகள் பின்பக்கமாகவே திரும்பி வந்து நின்றிருக்கின்றன. இரண்டே இரண்டு பேருந்துகள்தான், மிகைப்படுத்த வேண்டாம்.

முதல் அறிவிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. எட்டு வயது, பச்சைக் கவுன், இரட்டைச் சடை.

யாரும் வரவில்லை.

இரண்டாவதில் கொஞ்சம் அடையாளம் சேர்த்தார்.

"பேரைக் கேட்டா சொல்லாதுங்க. தரையைத்தான் பார்க்கும். சரியான பயந்தாங்கொள்ளி, அதட்டிடாதீங்க."

வெளியே யாரோ சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டால் அவருடைய நாக்கு சும்மா இருக்காது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், மகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. மூன்றாவது அறிவிப்பில் அது தானாக வந்து விழுந்தது.

"என் மச்சான் வந்தப்ப துணி பீரோவுக்குள்ள போய் ஒளிஞ்ச ஆளுங்க இது! அவர் சாப்பிட்டு, படுத்து, எந்திரிச்சுக் கிளம்பினப்புறம்தான் வெளிய வந்துச்சு. மூணு மணி நேரம்! ஒரு தும்மல் இல்லைங்க!"

உண்மையில் அரை மணி நேரம்தான்.

நிலையமே சிரித்தது. ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், மகளைக் காணோம் என்பதையே அவர் ஒரு நிமிடம் மறந்துவிட்டார்.

ஒரு நிமிடம் என்பது அவருக்காகக் குறைத்துச் சொல்வது.

மைக்கை அணைத்தபோது கதவு திறந்தது. நிலையத்தைப் பெருக்குகிற அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாப்பா முதல்லேர்ந்து உங்க கதவுகிட்டதானே நிக்குது?"

அப்பாவைக் காணோம் என்றதும், அப்பா இருக்கக்கூடிய இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறாள். அவர் பின்வாசல் வழியாக உள்ளே ஓடிவந்தது அவளுக்குத் தெரியாது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியிருக்கிறாள். அதற்குள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி அவளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

மூன்று அறிவிப்பையும் அங்கேயே நின்று கேட்டிருக்கிறாள்.

அழவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்து கிடந்தன. கவுனின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிக் கயிறாகவே ஆக்கியிருந்தாள்.

அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"கிடைச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க, சனம் காத்துக்கிட்டிருக்கு" என்றாள் அந்த அம்மாள்.

பழக்கத்தில் கை பொத்தானுக்குப் போனது.

"சொல்லாதீங்கப்பா."

மகள் அவரிடம் ஒன்றை வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையை எடுத்துவிட்டார்.

ஆகவே, அந்தப் பேருந்து நிலையத்தைப் பொறுத்தவரை அந்தக் குழந்தை இன்றுவரை கிடைக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் யாராவது எதிர்ப்பட்டு விசாரித்தால், தேடிக்கொண்டிருப்பதாகவே சொல்கிறார்.