ரப்பர் வளையம் நின்ற இடம்

பழைய மலைச் சைக்கிளின் முன் ஷொக், குலுக்கலைத் தாங்கும் காற்றுக் கவை, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. மாத்தளைக்கு மேலே மழை கட்டியிருப்பதால் வீட்டுக்குள் வெளிச்சம் ஈய நிறத்தில் இருக்கிறது. அதன் கீழ்க்கால்களைக் கழுவிப் புதிய சீல் போட்டாயிற்று. அவற்றுக்குள் இறங்கி ஏறும் மேற்குழாய்களை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. அவற்றில் ஒன்றின்மீது மெல்லிய ரப்பர் வளையமொன்று, ஷொக் கடைசியாக எதுவரை அமுங்கியதோ அந்த இடத்திலேயே நிற்கிறது. கடைசியாக ஓட்டியவள் என் மனைவி தினுஷா. யட்டவத்த இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் தொம்மென்று இறங்கி, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வாரம் டெங்குக் காய்ச்சல் வந்தது. அவள் போய் ஐந்து மாதமாகிறது.

அவளுடைய தங்கை தர்ஷிகா தேநீரை வைத்துவிட்டுப் பழந்துணியை எடுக்கிறாள். முன்பள்ளியில் படிப்பிக்க இனி அவள்தான் இந்தச் சைக்கிளில் போகப்போகிறாள். நான் திரும்புவதற்குள் குழாயை ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறாள். வளையம் அடிவரை போய்விட்டது. அது நின்ற இடம் எதுவென்று இனி யாருக்கும் தெரியாது.

"ஒரே சேறு மச்சான். இப்ப பாருங்க, எப்பிடிப் பளபளன்னு இருக்கு!"

"ம்."

"கோவமா?"

"இல்ல."

கீழ்க்கால்களைக் குழாய்களில் ஏற்றி முறுக்குகிறேன். ஷொக்கில் காற்றுப் பம்பைப் பொருத்துகிறேன். ஓட்டுகிறவரின் எடையைப் பார்த்துத்தான் காற்று அடிக்க வேண்டும்.

"நீ எத்தன கிலோ?"

"பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா இது? அம்பத்தெட்டு. அக்கா மாதிரி குச்சி இல்ல நான்."

பம்பின் முள் மெல்ல ஏறி, தினுஷாவின் அளவுக்கு வருகிறது. மேலும் நான்கு முறை அழுத்துகிறேன்.