பத்தொன்பதாவது நிமிடம்

தொடர்ந்து நான்காவது நாளாக வார்டு உதவியாளர் மீசைக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

கிருமி கொல்லும் ரோபோ அறைக்குள் ஓடும்போது கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் அதன் புற ஊதா விளக்கு அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து இருபது நிமிடம். அது உள்ளே போனால் எல்லாரும் வெளியே கைகட்டி நிற்க வேண்டும் என்பதால், நர்ஸ்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

மற்ற அறைகளில் மீசைக்காரர் ஒரு தப்பும் செய்வதில்லை. ஏழாம் அறையில் மட்டும், முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, அவர் கை சும்மா இருக்காது. கேட்டால், மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிவார்.

தலைமை நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு வார்டே மல்லுக்கட்டுகிறது, இந்த மனுஷனுக்கு விளையாட்டா? இன்னொரு தடவை பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறினால் வேலை போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்க அவரே போனார்.

பதினெட்டு நிமிடம் முடிந்திருந்தது. மீசைக்காரரின் கை கைப்பிடியில் இருந்தது.

"வேலை போனாலும் பரவாயில்லையா உங்களுக்கு?"

மீசைக்காரர் திடுக்கிட்டார். ஆனால் கையை எடுக்கவில்லை. பக்கத்துக் கண்ணாடி அறையைக் கண்ணால் காட்டினார்.

ரோபோ ஓடும்போது ஏழாம் அறை நோயாளியை அங்கேதான் உட்கார வைப்பார்கள். கிருமி தொற்றியவர் என்பதால் அவரை யாரும் நேரில் பார்க்க முடியாது, அந்தக் கண்ணாடி வழியாகத் தவிர. ஆறு வாரமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்த மனிதர் இப்போது சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே அவர் மனைவி, வீட்டில் மகள் செய்யும் சேட்டையையெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு பஸ் மாறி வர்றாங்க சிஸ்டர். மாப்பிள்ளை வெளியே வந்துட்டா இவரை உள்ளே கூட்டிட்டுப் போயிடுவாங்க. தாமதமாகுற வேலையை ஷிஃப்ட் முடிஞ்சும் நின்னு முடிச்சுக் குடுத்துடறேன்."

தலைமை நர்ஸ் மீசைக்காரரின் கையைக் கைப்பிடியிலிருந்து விலக்கினார். மீசைக்காரர் முகம் வாடிப்போயிற்று.

அன்றைய பதிவேட்டில், ஏழாம் அறைக்கு நேரே இப்படி எழுதியிருந்தது:

'கதவு பாதியில் திறக்கப்பட்டது. திறந்தவர்: தலைமை நர்ஸ். காரணம்: மறதி.'