கார் பேக்!

“கோர்ட்ல வாயைத் திறக்க மாட்டாளாம்” என்றான் மதன்.

“யாரு?”

“செல்விதான். வேற யாரு?”

க்ரிஷ் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினான். முகம் கடுத்தது.

“புருஷனை வண்டியேத்திக் கொன்னவனுக்குச் செவ்வாய்க்கிழமை தண்டனை. ஜட்ஜ் முன்னாடி நின்னு நாலு வார்த்தை பேசினா ரெண்டு வருஷம் கூடக் கிடைக்கும். அதுக்கு வலிக்குதா இவளுக்கு?”

“வருத்தமே இல்ல போலிருக்கு” என்றார் சுவாமிநாதன்.

செல்வி பத்தடி தள்ளி, தன் காரில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

செல்வியின் கணவன் நவநீத் போய் ஒரு வருஷம். சோனோமாவில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, இதே மலைப்பாதையில். அன்று நண்பர்கள் நாலு பேராக வந்தார்கள். மூன்று பேராகத் திரும்பினார்கள். இன்று அவன் நினைவாக ஒரு சவாரி. மூவரும் சைக்கிளில். பின்னால் செல்வி, காரில், விளக்கை மினுக்கவிட்டபடி.

மேடு. இறக்கம். மறுபடியும் மேடு. பேச்சு குறைந்தது. மூச்சுதான் கேட்டது.

வளைவில் வெள்ளை பெயின்ட் அடித்த பழைய சைக்கிள் ஒன்றை வேலியோடு கட்டியிருந்தார்கள். சைக்கிளில் போய்ச் செத்தவர்களுக்கு இந்த ஊர் வைக்கும் நடுகல் அதுதான்.

சன்னிவேலில் வாங்கிய சாமந்தி மாலையை க்ரிஷ் அதன் ஹேண்டில்பாரில் போட்டான். சுவாமிநாதன் கற்பூரத்தை வெளியே எடுத்தார்.

“உள்ள வைங்க சாமி! காடு பத்திக்கிச்சுன்னா நம்ம மூஞ்சியத்தான் நியூஸ்ல காட்டுவான்” என்றான் மதன்.

சிரித்தார்கள். இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

“அன்னைக்குக் கடைசில வந்தவன் அவன்தான்.” க்ரிஷ் வளைவைக் காட்டினான். “வண்டிச் சத்தம் கேட்டதும் ‘கார் பேக்!’னு கத்தினான். நாங்க ஒதுங்கிட்டோம். அவனுக்கு நேரம் இல்ல.”

பின்னால் கார் வருகிறது என்று முன்னால் போகிறவர்களுக்குச் சொல்லும் கூவல் அது. கடைசியில் வருகிறவன் வேலை.

செல்வி மாலையைச் சரிசெய்தாள்.

“அந்த ஆள் குடிச்ச இடத்துல எத்தனை பேர் இருந்திருப்பானுங்க? தள்ளாடிட்டு வண்டில ஏறினதைப் பார்த்திருப்பானுங்க இல்ல? ஒருத்தன், ஒரே ஒருத்தன் போனை எடுத்துப் போலீஸுக்குச் சொல்லியிருந்தா நவநீத் இன்னைக்கு இருப்பான். கோழைப் பசங்க” என்றான் க்ரிஷ்.

“ஆமா” என்றாள் செல்வி.

“அப்ப கோர்ட்ல பேசேம்மா!”

“அவன்தான் தப்பை ஒத்துக்கிட்டானே க்ரிஷ். இனிமே நான் பேசி யாரைக் காப்பாத்தப் போறேன்?”

க்ரிஷ் மதனைப் பார்த்தான். கேட்டாயா கதையை என்கிற மாதிரி.

சவாரி, ஒயின் தயாரித்து அங்கேயே ருசிபார்க்கக் கொடுக்கும் வழக்கமான ஒயினரியில் முடிந்தது. பல வருஷப் பழக்கம். காலையில் க்ரிஷின் வேனை அங்கே நிறுத்திவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார்கள். சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்குவார்கள்.

செல்வி கொண்டுவந்த புளியோதரை. அதோடு ஒயின்.

முதல் கிளாஸ் நவநீத்துக்கு. இரண்டாவதும் நவநீத்துக்கு. அப்புறம் யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.

க்ரிஷ் எழுந்தபோது நாற்காலி விழுந்தது.

வெளியே வந்து மூன்று சைக்கிளையும் வேனுக்குப் பின்னால் மாட்டினார்கள். வாரைக் கொக்கியில் நுழைக்க க்ரிஷுக்கு வெகுநேரம் பிடித்தது.

“சாவியைக் குடுங்க க்ரிஷ். எல்லாரும் என் கார்ல வாங்க. வேனை நாளைக்கு எடுத்துக்கலாம்.”

“கார்பன் ஃபிரேம் சைக்கிளை இங்க அனாதையா விட்டுட்டா? என்ன பேசற நீ!”

“குடிச்சிருக்கீங்க.”

“இது குடியா? டேஸ்டிங்மா! வயித்துல உன் புளியோதரை வேற கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த ரோட்ல நான் ஓட்டுவேன்.”

“அவனும் கோர்ட்ல அதையேதான் சொன்னான். பழகின ரோடுன்னு.”

மதன் குனிந்து ஷூவைப் பார்த்தான்.

“நினைவு நாளும் அதுவுமா ஏம்மா இப்படி…” என்று இழுத்தார் சுவாமிநாதன்.

“என்னையும் அந்தக் கொலைகாரனையும் ஒண்ணாச் சேர்க்கிறியா?” க்ரிஷ் கத்தினான். “உன் புருஷனே இங்கேர்ந்து எத்தனை தடவை குடிச்சுட்டு ஓட்டியிருக்கான்! பக்கத்து சீட்ல நீதானே இருந்த? அப்பெல்லாம் சாவி கேட்டியா?”

செல்வி சாவிக்காகக் கையை நீட்டியபடியே நின்றாள்.

க்ரிஷ் கதவை அறைந்து சாத்தினான். மற்ற இருவரும் ஏறிக்கொண்டார்கள். ஒரு சக்கரம் புல்லில் ஏறி இறங்க, வேன் கேட்டை நோக்கிப் போனது.

வெளியே சாலையில் முன்பின் தெரியாத நாலு பேர் வரிசையாகச் சைக்கிளில் இறக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்.

வேனும் அந்தப் பக்கம்தான் திரும்பியது.

கத்தினால் கேட்காத தூரம். செல்வி போனை எடுத்தாள். போலீஸைக் கூப்பிட்டாள். வாயைத் திறந்தாள்.

“கறுப்பு வேன். பின்னால் மூன்று சைக்கிள். ஓட்டுகிறவர் குடித்திருக்கிறார்.” வண்டி நம்பரைச் சொன்னாள். எந்தச் சாலை, எந்தப் பக்கம், எல்லாம் சொன்னாள்.

“ஓட்டுகிறவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். என் கணவர் செத்த இடத்தில் இன்றைக்கு மாலை போட்டவர்.”