சங்குமுகம் போகும் ரயில்

"உங்களுக்கு உயிரு பெரிசா, இந்தச் சவம் பிடிச்ச ரயில் பெரிசா?" என்று மனைவி நீலாம்பாள் கேட்டபோது, தாணுமாலையன் விரலில் ஒட்டிய கோந்தோடு யோசித்தார். யோசிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதன்மேல் இப்போது திருவனந்தபுரமே குடியிருந்தது. தம்பானூர் ஸ்டேஷன், மிருகசாலை, சங்குமுகம் கடற்கரை எல்லாம் அட்டையிலும் மரத்தூளிலும். சுற்றிவரத் தண்டவாளம், சாவி கொடுத்தால் ஓடும் ரயில். வீட்டு மனுஷர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதுவும் போதாமல், ரோட்டு ரயில் ஒன்று செய்ய ஆரம்பித்திருந்தார். ஸ்டேஷனில் இறங்கும் டூரிஸ்டுகளைத் தண்டவாளம் இல்லாமல் ரோட்டிலேயே கடற்கரைக்குக் கூட்டிப்போகும் குட்டி ரயில். பொம்மைக் காரிலிருந்து எஞ்சின், தீப்பெட்டியில் பெட்டிகள். சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான் வைத்தார், வழுக்கியது. சோடா மூடி வைத்தார், குடிகாரன் மாதிரி ஆடியது. சரஸ்வதி பூஜைக்குள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊசி ஆரம்பித்தது. புதனும் சனியும் தங்கப்பன் கம்பவுண்டரிடம் போவார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து கோந்தை எடுப்பார். என்ன வியாதி என்று கேட்டால், பரவாயில்லை என்பதை "சாரமில்ல" என்று மலையாளத்தில் சொல்லி முடித்துவிடுவார். கலவரமான விஷயங்களை மலையாளத்தில் சொல்வது அவர் வழக்கம்.

நீலாம்பாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மனுஷர் காய்ச்சலுக்குக்கூட டாக்டரிடம் போகாதவர். ஆடிட் ஆபீஸில் உத்தியோகம். எழுதித் தேய்ந்த கார்பன் பேப்பரை வீட்டுக்கு எடுத்துப்போன பியூன்மேல் ஆட்சேபம் எழுதினவர். அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார், தன் பொருளை வீணாக்கமாட்டார். மகன் விட்டுப்போன பேதி மருந்தைத் தேதி முடிவதற்குள் தானே குடித்துத் தீர்த்தவர். அப்படிப்பட்டவர் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார் என்றால் வியாதி லேசுப்பட்டதாக இருக்குமா? பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். நாகர்கோவிலிலிருந்து அவள் தம்பி அழகியநம்பி ஹார்லிக்ஸோடு வந்து, அத்தானைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அந்த ஹார்லிக்ஸையும் அத்தான் வீணாக்கவில்லை.

சரஸ்வதி பூஜையன்று தெருவே முன்னறையில் கூடிவிட்டது. தங்கப்பனும் வந்திருந்தார். நீலாம்பாள் அவரை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லிவிடும்படி அழுதாள்.

"எத்தன நாளு இருப்பாவன்னு மட்டும் சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

தங்கப்பன் விழித்தார். "சாருக்கு ஒரு அசுகமும் இல்ல அம்மா. நல்லா கல்லு மாதிரி இருக்காரு. வெறும் சத்து ஊசி. மருந்துக் குப்பிய சாரே கடையில வாங்கிட்டு வருவாரு, போடச் சொல்லுவாரு. காலிக் குப்பியையும் மறக்காம கேட்டு வாங்கிட்டுப் போவாரு."

அவளுக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் முன்னறையில் கைதட்டல் கேட்டது. ரோட்டு ரயில் வழுக்காமல், ஆடாமல், தம்பானூரை விட்டுச் சங்குமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தங்கப்பன் மேசையருகே குனிந்து பார்த்தார். பெட்டிகளுக்கு அடியில் உருண்டவை அத்தனையும் ஊசி மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகள். அவர் ஊசி குத்தின துளையிலேயே அச்சுக் கம்பி ஓடியது.

"என்ட சாரே, இந்த மூடிக்கா? கேட்டிருந்தா ஒரு கூடை சும்மா தந்திருப்பேனே."

தாணுமாலையன் முகத்தைச் சுளித்தார். "அடுத்தவன் பொருளை ஓசியில வாங்குகதா? எனக்கு வேண்டிய மூடிய நானே குப்பியோட காசு குடுத்து வாங்கினேன்" என்றவர், வலிக்காத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பின்னே, உள்ள இருந்த மருந்த வீணாக் கீழ கொட்டவா முடியும்?"